லிமிட் மேடத்தின் மத்தியானம்

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் லிமிட் மேடம்தான். வேலை அப்படி. அந்த வேலை என்னவென்று சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஒரு செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷம் உழைத்தால் போதும் என்று கட்டி அனுப்பியது, பன்னிரண்டு வருஷமாக உழைத்தது. அதற்குப் பின்னால் போன செயற்கைக்கோளுக்கு யாரோ சித்தி என்று பெயர் வைத்துவிட்டதால், இது தானாகவே பெரியம்மா ஆகிவிட்டது. பெரியம்மா ஒரு நாளைக்கு ஆறு முறை எங்கள் ஆன்டெனாவுக்கு மேலே வரும், வந்தால் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும். அதற்குள் தன் உடம்பைப் பற்றிப் பதினாலாயிரம் எண்களைக் கொட்டிவிட்டுப் போகும். எந்தப் பெட்டி எவ்வளவு சூடு, எந்த பேட்டரியில் எத்தனை வோல்ட், எந்தச் சக்கரம் என்ன வேகம் என்று எல்லாம் அதில் வரும். அத்தனையையும் மனிதக் கண் பார்க்க முடியாது, அதனால் சாஃப்ட்வேர் பார்க்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் இதற்குக் கீழே போகக் கூடாது, இதற்கு மேலே போகக் கூடாது என்று ஒரு லிமிட் உண்டு. கொஞ்சம் தாண்டினால் திரையில் மஞ்சள். நிறையத் தாண்டினால் சிவப்பு, கூடவே மணி. அந்த லிமிட்டுகள் இருக்கிற டேட்டாபேஸுக்குத்தான் மேடம் காவல்.

இயந்திரத்துக்கு வயதானால் எண்கள் நகரும். போன வருஷம் முப்பது டிகிரியில் இருந்தது இந்த வருஷம் முப்பத்தாறில் நிற்கும். அது ஆபத்தா, வெறும் வயதா என்று யோசித்து, வயதுதான் என்றால் லிமிட்டைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் நாள் முழுக்க மணி அடிக்கும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் அறையில் பிள்ளை அழுதால் வாயைத்தான் பொத்துவோம். நான் அந்தத் திரைகளுக்கு முன்னால், கன்சோலில் உட்காருகிறவன். அந்த மணிச் சத்தத்தைப் பதினாறு வருஷம் கேட்டவன் என்பதால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

வாயைப் பொத்த மேடத்திடம் ஸ்லிப்பு கொடுக்க வேண்டும். ஸ்லிப்பில் கடைசிக் கட்டம் "ஏன்". அங்கேதான் தகராறு. நாங்கள் "மணி அடித்துக்கொண்டே இருக்கிறது" என்று எழுதுவோம். "மணி அடிப்பது மணியின் வேலை. காரணம் எழுதவும்" என்று சிவப்பு மையில் திரும்பி வரும். ஒருமுறை நான் வெறுத்துப்போய் "தலைவலி" என்று எழுதிக் கொடுத்தேன். "மருந்தறை கீழ்த்தளத்தில் உள்ளது" என்று எழுதி அனுப்பினார். சிரித்துக்கொண்டு எழுதியிருப்பார் என்று நினைக்காதீர்கள். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்க நல்ல நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

ஜன்னல் இல்லாத அறையில், ஏ.சி. நேராகத் தலையில் இறங்குகிற மூலையில் அவர் மேஜை இருந்தது. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை ஒரு காகிதக் கட்டின் மேல் தூக்கி வைத்துக்கொள்வார். கணுக்கால் வீங்கியிருக்கும். இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வருகிற கால். ஓய்வுக்கு இன்னும் இரண்டரை வருஷம் இருந்தது. "இன்னும் எத்தனை நாள் மேடம்?" என்று யாராவது கேட்டால், "நாளை எண்ணினா நடக்க முடியாது" என்பார்.

அவர் கணவர் பஸ் ஓட்டினவர். ஓய்வு பெற்று எட்டாவது மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பிள்ளைகள் கிடையாது. மேடம் பத்தொன்பது நாள் லீவு போட்டார். இருபத்துநாலு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் எடுத்த பெரிய லீவு அதுதான். என் தப்பும் அந்தப் பத்தொன்பது நாளுக்குள்தான் நடந்தது.

டேட்டாபேஸில் கை வைக்க அவருடைய லாகின் ஒன்றுதான் இருந்தது. மாற்று ஆளாக எனக்கும் ஒரு லாகின் வேண்டும் என்று மேடமே எழுதிக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. கணினிப் பாதுகாப்புப் பிரிவில் அது பரிசீலனையில் இருந்தது. எல்லாம் நடந்து முடிகிறவரை பரிசீலனையிலேயே இருந்தது. வியாழக்கிழமைதோறும் அந்த வார மாற்றங்களைச் சேர்த்து ஏற்ற வேண்டும், அது நின்றால் வேறு பத்து வேலை நிற்கும். அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து போன் பண்ணி, பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

"எழுதி வைக்காதே தம்பி. ஏற்கெனவே நான் கையெழுத்துப் போட்ட ஸ்லிப்பு மட்டும் ஏத்து. புதுசா எதுவும் வேணாம்."

"சரி மேடம். நீங்க அண்ணனைப் பாருங்க."

சரி என்றுதான் சொன்னேன்.

பெரியம்மாவை வேண்டிய பக்கம் திருப்புவது உள்ளே சுழலும் நான்கு சக்கரங்கள். முதல் சக்கரம் மூன்று வருஷம் முன்பே நின்றுவிட்டது. மிச்சம் மூன்று. அதில் மூன்றாம் சக்கரத்தின் பேரிங் சூடேறிக்கொண்டிருந்தது. சிவப்பு லிமிட் ஐம்பத்தைந்து, சூடு ஐம்பத்தெட்டு. பெரியம்மா தலைக்கு மேல் வந்த இரண்டாவது நிமிஷம் மணி பிடிக்கும், இறங்கிப் போகிறவரை விடாது. சக்கரங்களுக்குப் பொறுப்பான இன்ஜினியரை நாங்கள் சக்கரத்தார் என்போம். அவர் லிமிட்டைத் தளர்த்தச் சொல்லி மூன்று ஸ்லிப்பு கொடுத்தார். "பழகிவிட்டது" என்று ஒன்றில் எழுதியிருந்தார். "சக்கரத்துக்கா, உங்களுக்கா?" என்று திருப்பி அனுப்பினார் மேடம். அதற்குப் பதில் எழுத சக்கரத்தாருக்கு வக்கில்லை, எங்களுக்கோ காது போய்க்கொண்டிருந்தது.

மேடம் லீவில் போன இரண்டாவது வியாழக்கிழமை சக்கரத்தார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"உன் கையிலதானே இருக்கு இப்போ? மஞ்சளை அறுபத்தஞ்சு, சிவப்பை எழுபது வை. நான் சொல்றேன்ல."

"மேடம் வந்துரட்டும் சார்."

"அவங்க வர்றதுக்குள்ள நமக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

மணி அடித்துக்கொண்டிருந்தது. மாற்றினேன். "ஏன்" கட்டத்தை நிரப்பாமல் சாஃப்ட்வேர் விடாது. அதற்கு மேடத்தின் பழைய ஸ்லிப்பு ஒன்றைத் தேடி, "வயது காரணமாக எதிர்பார்த்த உயர்வு. கண்காணிப்பில் உள்ளது" என்பதை அப்படியே எடுத்து ஒட்டினேன். அது ஏதோ ஒரு பேட்டரிக்கு, ஒரு மாதம் கணக்குப் பார்த்து அவர் எழுதிய காரணம். அடுத்த முறை பெரியம்மா வந்தபோது அறை அமைதியாக இருந்தது. இரண்டு பேர் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மேடம் திரும்பி வந்த அன்று மேஜையில் முப்பத்தோரு ஸ்லிப்பு கிடந்தது. அந்த மாற்றத்துக்கு நான் எழுதி வைத்த ஸ்லிப்பும் நடுவில் இருந்தது. அவர் எப்போதும் ஒவ்வொன்றாகப் படித்துத்தான் கையெழுத்துப் போடுவார். அன்று பன்னிரண்டரைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் போன் பண்ணினாள். அண்ணன் சாப்பிட மாட்டேன் என்கிறாராம், யார் ஊட்டினாலும் வாயை இறுக மூடிக்கொள்கிறாராம். மேடம் ஊட்டினால் மட்டும் திறப்பார். காலை ஐந்தரைக்கு ஊட்டிவிட்டுக் கிளம்பினால், சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் திரும்புகிறவரை அந்த மனிதர் பட்டினி. மேடம் போனை வைத்தார். பிறகு முப்பத்தோரு ஸ்லிப்பிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். யானைக்கும் அடி சறுக்கும். சறுக்குகிற இடத்தில் எண்ணெயைக் கொட்டி வைத்தவன் நான். அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். பாவம், களைத்திருக்கிறார், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். நாளைக்கு என்பது எங்கள் ஆபீசில் ரொம்ப நீளமான சொல்.

அந்த வாரமே அவர் இடமாற்றம் கேட்டு எழுதினார். பயிற்சிக் கட்டிடம் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தது. அங்கே ஒரு மேஜை கிடைத்தால் மத்தியானம் எழுந்து போய், ஊட்டிவிட்டு, முதுகில் புண் வராமல் ஆளைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். பதவியோ சம்பள உயர்வோ அவர் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் கேட்டார். இயக்குநர் உடனே சம்மதித்தார். உத்தரவு டைப் ஆகி, கையெழுத்துக்குப் போனது. கையில் பென்சிலோடு காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மேடத்தை நாங்கள் அந்த வாரம்தான் பார்த்தோம்.

"என்ன மேடம், நாளை எண்ணுறீங்க?" என்றேன்.

"எண்ணத்தான் செய்யறேன். உனக்கென்ன?" என்றார். கொஞ்சம் சிரித்தார் என்றுகூட நினைக்கிறேன்.

உத்தரவில் கையெழுத்து விழுவதற்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் சக்கரம் நின்றுவிட்டது. ஆறு வாரமாக அறுபது, அறுபத்துமூன்று என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது, திரையில் எல்லாம் பச்சை. கடைசி ஒரு நாள் மஞ்சள் வந்திருக்கிறது. மஞ்சளை எங்கள் அறையில் ஒருத்தரும் மதிப்பதில்லை. மணி அடித்திருந்தால் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து இன்னும் ஒரு வருஷமாவது ஓட்டியிருக்கலாம் என்று பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார்கள். இரண்டு சக்கரத்தை வைத்துக்கொண்டு பெரியம்மாவால் பூமியைப் பார்த்து நிற்க முடியவில்லை. உயிர் இருந்தது, வேலை போய்விட்டது. சூரியனைப் பார்த்தபடி மெதுவாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது. சக்கரத்தார் கழிப்பறைக்குள் போய் அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

விசாரணை வைத்தார்கள். அதுவரை யாரையும் இடம் மாற்றக் கூடாது என்பதால் உத்தரவு இழுப்பறையில் காத்திருந்தது. பதிவேட்டில் எல்லாம் தெளிவாக இருந்தது. லிமிட்டை மாற்றியது மேடத்தின் லாகின், மாற்றிய நாள் ஒரு வியாழக்கிழமை. லீவு நீட்டிப்புக் கடிதம் கொடுக்க அன்று அவர் ஒரு மணி நேரம் ஆபீசுக்கு வந்து போனது கேட் ரிஜிஸ்டரிலும் இருந்தது. விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன்.

"மேடம், நாளைக்கு நான் சொல்லிடறேன். மாத்தினது நான்தானே."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் ஸ்லிப்பைப் போன வாரம்தான் படிச்சேன். என் வரியை எடுத்து ஒட்டியிருந்தே."

"மேடம்…"

"நாளைக்கு நான் மாத்தினேன்னு சொல்லப்போறேன். படிக்காம கையெழுத்துப் போட்டேன் இல்ல, அதனால அது பெரிய பொய்யும் இல்ல. நீ வாயைத் திறக்காதே."

"என் தப்புக்கு நீங்க ஏன் மேடம்?"

"விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லப்பா. சொன்னதைச் செய். அது போதும்."

பஸ் வந்துவிட்டது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார இடமில்லை. என்னைக் காப்பாற்ற எவ்வளவு பெரிய காரியம் செய்யப் போகிறார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. ராத்திரி தூக்கம் வரவில்லை. என் மனைவியிடம் சொன்னேன். "அவங்க சொன்னா நீங்க சும்மா இருந்துருவீங்களா? அப்புறம் கண்ணாடியில எப்படி மூஞ்சி பாப்பீங்க?" என்று கேட்டாள். நியாயம்தான் என்று பட்டது.

விசாரணைத் தலைவர் வேறொரு நிலையத்திலிருந்து வந்தவர். ஜலதோஷம் பிடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை.

"இந்த மாற்றம் நீங்க பண்ணதாம்மா?"

"ஆமா சார்."

"காரணம்னு ஒரு வரி போட்டிருக்கு. அதுக்கு என்ன ஆதாரம்?"

"ஆதாரம் இல்ல சார். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாத நேரம். சரியா பாக்கல. என் தப்புதான்."

தலைவர் தலையாட்டினார். இருபத்துநாலு வருஷம் வேலையில் ஒரு கறை இல்லாதவர், குடும்பத்தில் கஷ்டம், மதிப்பீட்டில் பிழை, எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை போதும், வேறு நடவடிக்கை வேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி எழுதவைத்தார். "இடமாற்றம் ஒண்ணு நிக்குதாமே? அதைப் பாத்து விட்டுருங்க" என்றும் சொன்னார். பேனாவை மூடினார். மேடம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

நான் எழுந்து நின்றேன்.

"சார், அது மேடம் இல்ல. நான்தான் மாத்தினேன்."

சொன்னதும் நெஞ்சில் இருந்த பாறை உருண்டு விழுந்தது போல இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்களா? எந்த லாகின்ல?" என்றார் தலைவர்.

"மேடம் லாகின்ல சார். எனக்குத் தனியா இல்ல."

"அவங்க பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினாறு வருஷமாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு கணினியின் மேலும் ஒட்டியிருக்கிற காகிதத்தில் முதல் வரியே அதுதான். பாஸ்வேர்டை எவரிடமும் பகிரக் கூடாது, மீறினால் பாதுகாப்புக் குற்றம். லிமிட்டைத் தப்பாக வைத்தால் பிழை. பாஸ்வேர்டைக் கொடுத்தால் குற்றம். என்னைக் காப்பாற்றவா அவர் அந்தப் பொய்யைச் சொன்னார்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார். அதிலும் அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்ற.

"போன்ல நான்தான் சொன்னேன் சார்," என்றார் மேடம். குரலில் கோபம்கூட இல்லை.

தலைவர் மூக்கைத் துடைத்தார். மேடத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் பேனாவை மறுபடி திறந்தார்.

தீர்ப்பு வர மூன்று வாரம் ஆனது. எனக்கு ஆறு மாதம் பதவி உயர்வு தள்ளிப்போனது, அவ்வளவுதான். "உண்மையைத் தானாக முன்வந்து கூறியதால்" என்று அதற்கு ஒரு பாராட்டு வரி வேறு. மேடத்தின் மேல் பாதுகாப்புக் குற்றச்சாட்டு பதிவானது. அது முடிய இரண்டு வருஷமாவது ஆகும், அதுவரை இடமாற்றம் கிடையாது, லாகினும் கிடையாது. எட்டு மாதத்துக்கு மேலாகத் தூங்கிய எனக்கான லாகினைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. டைப் ஆன உத்தரவைக் கிழித்தார்களா, கோப்பிலேயே விட்டார்களா என்று தெரியவில்லை. இப்போது அந்த மூலையில் உட்கார்ந்து சித்தியின் ஸ்லிப்புகளைக் காகிதத்தில் மட்டும் படித்துச் சரிபார்க்கிறார். ஏற்றுகிறவன் நான். எனக்கு லாகின் நான்கே நாளில் வந்துவிட்டது.

ரொம்ப நாள் அவர் பக்கம் போகவே எனக்குத் தைரியம் வரவில்லை. போன மாதம் ஒருநாள் மத்தியானம் அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. போய் நின்றேன்.

"மன்னிச்சிருங்க மேடம். பொய்யை மனசுல வெச்சுக்கிட்டு இருக்க முடியல. அதான்."

படித்துக்கொண்டிருந்த ஸ்லிப்பைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி, கண்ணை விரலால் அழுத்திக்கொண்டார்.

"தெரியும் தம்பி. உன் மனசு லேசாகணும்னு என் மத்தியானத்தை எடுத்துக்கிட்டே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை. "தள்ளு" என்று கையைக் காட்டிவிட்டுப் போனை எடுத்தார். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண் போனை அவர் கணவரின் காதில் வைத்திருக்க வேண்டும்.

"நான்தான் பேசறேன். கேக்குதா? வாயைத் திறங்க. ஒரு வாய். எனக்காக ஒரே ஒரு வாய்… திறந்தாராம்மா? இல்லையா? சரி, போனை அவர்கிட்டயே வை. என்னங்க, ஏழு மணிக்கு வந்துருவேன். அதுவரைக்கும் ஒரு வாய்…"

நான் என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் பேசினார். அன்று அண்ணன் வாயைத் திறக்கவில்லை.